டிஎன்எஃப் புரதமும் அதன் குடும்பமும்: ஊசி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுநோய்ப் பிரிவின் ஊசி அறையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இங்கே போடும் ஊசிகள் பெரும்பாலும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை. ஒரு டிரிப்ஸ் ஏறி முடிய இரண்டு மணி நேரம் ஆகும். நோயாளிகளும் கூட வந்தவர்களும் மனதில் இருப்பதைக் கேட்பது அந்த நேரத்தில்தான். பெரும்பாலும் டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவையோ நாளையோ மாற்ற மட்டும் இதை நம்பாதீர்கள். அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"டிஎன்எஃப், டிஎன்எஃப்னு சொல்றீங்களே சிஸ்டர், அது கிருமியா, நோயா?"

இரண்டும் இல்லை. நம் உடம்பே செய்கிற ஒரு புரதம். கிருமி நுழைந்ததும் அதை விழுங்க வருகிற வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். அவை விழுங்குவதோடு நிற்பதில்லை. இங்கே ஆபத்து என்று மற்ற அணுக்களுக்கும் தகவல் அனுப்புகின்றன. அப்படித் தகவலாகப் போகிற புரதங்களில் முக்கியமானது டிஎன்எஃப். அது பட்டதும் அந்த இடத்து ரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறும். ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டி, குழாயை விட்டு வெளியேறிச் சண்டைக்கு இறங்கும். அடிபட்ட இடம் சிவப்பது, வீங்குவது, சுடுவது எல்லாம் இதன் விளைவு. இதைத்தான் அழற்சி என்கிறோம். காய்ச்சலுக்கும் பசியில்லாமல் போவதற்கும்கூட இதில் பங்கு உண்டு.

இது தனி ஆளும் இல்லை. ஒரே சாயலுள்ள 19 புரதங்கள் சேர்ந்த குடும்பம் இது. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், அதாவது செல்லின் மேல் இருக்கும் கொக்கிகள், 29 வகை. மும்மூன்றாகச் சேர்ந்து போய்க் கொக்கியில் மாட்டுவது இந்தக் குடும்பத்துக்கே உரிய பழக்கம். மூத்த பிள்ளையான டிஎன்எஃப் பெயரைத்தான் குடும்பத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

"கூகுள்ல பார்த்தேன், புற்றுக்கட்டியை அழிக்கிற பொருள்னு போட்டிருக்கு. நல்ல பொருளை ஏன் தடுக்கறீங்க?"

பெயரின் பொருள் அதுதான்: கட்டியைச் சாகடிக்கும் காரணி. 1890-களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், கடுமையான தோல் தொற்று வந்த ஒரு நோயாளிக்குப் புற்றுக்கட்டி சுருங்கியதைக் கவனித்து, பாக்டீரியாவை ஊசியாகவே போட்டுப் பார்த்தார். சிலருக்குக் கேட்டது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1975-இல் அதே நகரத்தில் லாயிட் ஓல்ட் குழுவினர், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைச் செலுத்திய எலிகளுக்குப் பாக்டீரியா நச்சும் கொடுத்து, அவற்றின் ரத்தநீரில் கட்டியைக் கருக வைக்கும் ஒரு பொருளைக் கண்டு இந்தப் பெயரை வைத்தார்கள்.

இன்னொரு பக்கம், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி செராமி வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். ஆப்பிரிக்காவில் ஒட்டுண்ணி தாக்கிய மாடுகள், உடம்பில் கிருமி கொஞ்சமாக இருந்தாலும் எலும்பும் தோலுமாக இளைத்துச் சாவது ஏன்? இளைக்க வைக்கும் புரதத்தை அவரும் புரூஸ் பாய்ட்லரும் 1985-இல் பிரித்தெடுத்துப் பார்த்தால், அதுவும் இதே டிஎன்எஃப். கட்டியைக் கொல்கிறதும் ஆளை உருக்குகிறதும் ஒன்றே. புற்றுநோய்க்கு மருந்தாக ரத்தத்தில் ஏற்றியபோது கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வந்ததால் அந்த வழி பெரும்பாலும் கைவிடப்பட்டது. கையிலோ காலிலோ உள்ள சில கட்டிகளுக்கு, அந்த உறுப்பின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது ஐரோப்பாவில் உண்டு.

"காப்பாத்துற புரதம் எப்படி என் விரலை வளைக்கும்?"

முடக்கு வாதத்தில், அதாவது நம் பாட்டிமார் சரவாங்கி என்று சொன்ன நோயில், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமியே இல்லாமல் ஆபத்துத் தகவல் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். டிஎன்எஃப் மற்ற அழற்சிப் புரதங்களையும் கிளப்பிவிடும். சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பை அரிக்கும். அடுத்ததாக, இதே குடும்பத்து உறுப்பினரான ரேங்க் லிகாண்ட், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். எக்ஸ்ரேயில் மூட்டோரம் கடித்தது மாதிரி தெரிவது அந்தச் செல்களின் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல் மடக்க முடியாமல் இருக்கிறதே, அங்கேயே இது ஆரம்பித்துவிடுகிறது.

இத்தனை புரதங்கள் கலந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்று அப்போது பலர் கேட்டார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன் குழுவினர் நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்களில் டிஎன்எஃப்பைத் தடுத்துப் பார்த்தபோது, மற்றவையும் சேர்ந்தே அடங்கின. 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அவரும், பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும் முதல் நோயாளிகளுக்கு, டிஎன்எஃப்பைப் பிடித்துத் தடுக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கொடுத்தார்கள். பல வருடமாக மாடிப்படி ஏறாதவர்கள் சில வாரங்களில் ஏறினார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். வளைந்த விரல் நிமிராது. வளையாத விரலைக் காப்பாற்றலாம். அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம்.

"எனக்கு டிஎன்எஃப் எவ்வளவு இருக்குன்னு ரத்தப் பரிசோதனை எழுதித் தரலையே?"

வழக்கமாக யாரும் எழுதுவதில்லை. அது ரத்தத்தில் கொஞ்ச நேரமே தங்கும். மூட்டுக்குள் நிறைய இருந்தாலும் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அது தெரிய வேண்டும் என்றில்லை. அது கிளப்பிவிட்ட அழற்சியின் அடையாளங்களான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டையும் பார்ப்பார்கள். எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று தொட்டும் எண்ணுவார்கள்.

"பக்கத்து பெட் அக்காவுக்கு டிரிப்ஸ், எனக்கு வயித்துல ஊசி. எது நல்லது?"

இன்ஃப்ளிக்ஸிமாப் டிரிப்ஸாக ஏறும்: முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், பிறகு வழக்கமாக 8 வாரத்துக்கு ஒன்று. அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில். எட்டனர்செப்ட் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. முதல் இரண்டும் டிஎன்எஃப்பைப் பிடிக்கிற ஆன்டிபாடிகள். எட்டனர்செப்ட் ஒரு போலிக் கொக்கி: செல்லில் மாட்ட வேண்டிய புரதம் இதில் மாட்டிக்கொள்ளும். மூட்டுக்கு எல்லாமே வேலை செய்யும். ஆனால் கிரோன் என்ற குடல் அழற்சிக்கு எட்டனர்செப்ட் கேட்காது. கண்ணுக்குள் அழற்சி இருந்தாலும் ஆன்டிபாடி வகையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள்.

அடாலிமுமாப்பின் ஒப்பு மருந்து, அதாவது அதைப் போலவே வேறு நிறுவனம் செய்யும் மருந்து, உலகத்திலேயே முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான், 2014 டிசம்பரில். ஒப்பு மருந்து என்றதும் போலி என்று பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. எந்த நிறுவனத்து ஊசியானாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோனால் அது வீண், அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"மூட்டு வலிக்கு வந்தவளுக்கு எதுக்கு டிபி டெஸ்ட்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் கூடி அதைச் சுற்றி உருண்டையாகச் சுவர் கட்டி அடைத்துவிடும். கிருமி உள்ளே சாகாமல் பல வருடம் தூங்கும். ஆளுக்கு இருமல்கூட இருக்காது. அந்தச் சுவரைக் கட்டவும் இடிந்துவிடாமல் வைத்திருக்கவும் டிஎன்எஃப் வேண்டும். நம் ஊசி அதைத் தடுத்தால் மூட்டுச் சவ்வு அடங்கும். கூடவே அந்தச் சுவரும் தளரும்.

இது வெறும் ஊகம் இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, அதை எடுத்த பிறகு காசநோய் வந்த 70 பேரைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று டிரிப்ஸுக்குள்ளேயே வந்திருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே, நெறிக்கட்டி, வயிறு, மூளையுறை என்று பரவியிருந்தது. அதிலிருந்துதான் ஊசிக்கு முன்பு பரிசோதனை என்ற விதி வந்தது. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இருக்கும் இந்தியாவில் இதை விட்டுவிட முடியாது.

மார்பு எக்ஸ்ரே, மான்டூ என்ற தோல் ஊசி, அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். சின்ன வயதில் போட்ட பிசிஜியால் மான்டூ தடிக்கலாம். இக்ராவை அது குழப்பாது. கிருமி தூங்குவது தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்து, ஒரு மாதமாவது கழித்தே ஊசியை ஆரம்பிப்பது வழக்கம்.

"வீட்டுக்காரருக்கு முன்னாடி டிபி இருந்துச்சு. அதையெல்லாம் சொல்லணுமா?"

சொல்லியே ஆக வேண்டும். ஒரு அம்மா இதை மூன்று முறை வந்தும் சொல்லவில்லை. கூட மாமியார் இருந்தார், வெட்கம். நாலாவது முறை தனியாக வந்தபோது என் காதருகே சொன்னார். உடனே டாக்டரிடம் போய், ஊசியை நிறுத்திப் பரிசோதனையைத் திரும்ப எடுத்தோம். நல்லவேளை, நோய் கிளம்பவில்லை. டிபி யாருக்கும் அவமானம் இல்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாவிட்டால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

நீங்களே முன்பு டிபி மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்திருந்தால் ஊசி கிடைக்காது என்று அர்த்தம் இல்லை. பாதியில் விட்டிருந்தால் மட்டும் மறைக்காதீர்கள். மஞ்சள் காமாலை பி வகை வந்ததா என்பதையும் சொல்லுங்கள். அந்த வைரஸும் இப்படித்தான் தூங்கி எழும்.

"அப்ப எதிர்ப்பு சக்தியே போயிடுமா? வெளிய வாசல்ல போகக் கூடாதா?"

போகாது. குடும்பத்தில் மீதி 18 பேர் இருக்கிறார்கள், அதுபோக வேறு பாதுகாப்புகளும் உண்டு. கல்யாணத்துக்குப் போங்கள், வேலைக்குப் போங்கள். ஆனால் காய்ச்சலைக் கிளப்புவதிலும் டிஎன்எஃப்புக்குப் பங்கு உண்டு என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? அதைத் தடுத்திருக்கும்போது தொற்று பெரிதாக இருந்தும் காய்ச்சல் சின்னதாகத் தெரியலாம். 99 டிகிரிதானே என்று விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலச் சூடு, எடை குறைவு, கழுத்தில் நெறி இருந்தால், அடுத்த ஊசிக்கு முன்பு அதைச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகளையும் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

"மஞ்சள் டிஎன்எஃப்பைக் குறைக்குமாமே, ஊசிக்குப் பதிலா அதைச் சாப்பிடலாமா?"

மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் டிஎன்எஃப்பைக் குறைப்பது உண்மை. வாய்வழியாகச் சாப்பிடும்போது குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சமே போய்ச் சேரும். குழம்பில் போடுங்கள், பாலில் கலந்து குடியுங்கள். அரித்துக்கொண்டிருக்கும் எலும்பை அதை நம்பி விடாதீர்கள். கேப்ஸ்யூலாக நிறைய எடுப்பதானால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈரலைப் பாதித்த நிகழ்வுகள் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு இந்த ஊசி சரியாகக் கேட்பதில்லை. உடல் பருமனும் அப்படித்தான். கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் வெளிவிடும் என்று 1993-இல் எலிகளில் கண்டார்கள்.

"வலி சுத்தமா போயிடுச்சு. நிறுத்திடலாம்ல?"

நீங்களாக வேண்டாம். ஊசி, புரதத்தைப் பிடித்து வைக்கிறதே தவிர அதைச் செய்யும் செல்களை மாற்றுவதில்லை. விட்டு விட்டுப் போட்டால் உடம்பு மருந்தையே அந்நியமாகப் பார்த்து அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். அப்புறம் அதே ஊசி கேட்காது. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைக் கூடவே தருவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், உயிருக்கே ஆபத்து. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எலும்புக்கு ஊசி போடறாங்களே, அதுவும் இதுதானா?"

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. டெனோசுமாப் தடுப்பது, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் ரேங்க் லிகாண்டை. 2010-இல் எலும்பு மெலிவுக்கு அனுமதி பெற்றது. இதில் நாள் தவறுவது ஆபத்து. நிறுத்தியதும் அடங்கியிருந்த செல்கள் மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதானால் பதில் மருந்து என்ன என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்குத் தரும் பெலிமுமாப் தடுப்பது இன்னொரு உறுப்பினரை. ஆன்டிபாடி செய்யும் பி செல்களை உயிரோடு வைத்திருக்கும் பேஃப் என்ற புரதம் அது. 2011-இல் வந்தது, லூபஸுக்கென்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த முதல் புது மருந்து.

"கர்ப்பமா இருக்கேன். குழந்தைக்குப் போகுமா?"

இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் இரண்டும், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த பிறகும் சில மாதம் அதன் ரத்தத்தில் இருக்கும். குழந்தைக்கு ஊனம் வரும் என்று இதுவரை தெரியவில்லை. செர்டோலிசுமாப் என்ற வகை மிகக் குறைவாகவே கடக்கும்.

ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவுடன் பிசிஜி போடுவார்கள், அது உயிருள்ள கிருமி. தாய் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்திருந்த ஒரு குழந்தைக்கு மூன்று மாதத்தில் பிசிஜி போட்டு, அந்தக் கிருமியே உடம்பெங்கும் பரவிக் குழந்தை இறந்ததாக 2010-இல் பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள். சுவர் பற்றிச் சொன்னேனே, அதே கதை. எனவே பிரசவ வார்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் உங்கள் ஊசியைச் சொல்லுங்கள். அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

"சோரியாசிஸுக்கும் இதே ஊசின்னாங்க. எனக்கு ஊசி போட்ட பிறகுதான் சோரியாசிஸே வந்துச்சு!"

இரண்டும் நிஜம். சோரியாசிஸுக்கு இது நல்ல மருந்து. சிலருக்கு மட்டும் இதே மருந்தால் உள்ளங்கை, உள்ளங்காலில் புதிதாகப் படை வரும். இன்டர்ஃபெரான் என்ற வேறொரு புரதத்தை டிஎன்எஃப் அடக்கி வைத்திருக்கிறது. டிஎன்எஃப்பைக் கட்டிப்போட்டதும் அது தலை தூக்குகிறது என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். பெரும்பாலும் பூச்சு மருந்திலேயே சமாளிக்கலாம். முடியாவிட்டால் மருந்தை மாற்றுவார்கள்.

"அழற்சி எங்க இருந்தாலும் இது கேட்கும்தானே?"

அப்படி நினைத்துத்தான் 1990-களில் ரத்தத்தில் பரவும் கடும் தொற்றுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1996-இல் வெளியான ஒரு சோதனையில், இன்றைய எட்டனர்செப்ட்டை அதிக அளவில் பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுத்ததும் பலிக்கவில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் கூடுதல் அளவில் நிலைமையை மோசமாக்கியது. மூளை, தண்டுவட நரம்புகளின் உறை அழியும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயிலும் டிஎன்எஃப்பைத் தடுத்ததும் தாக்குதல்கள் அதிகமாயின. இதயப் பிரச்சினை உண்டா, கண் திடீரென்று மங்கியதா, கால் மரத்ததா என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான்.

"பெரியப்பாவுக்குத் தொழுநோய் மருந்து சாப்பிடும்போது உடம்பெல்லாம் கட்டி, காய்ச்சல். அதுலயும் இது உண்டா?"

உண்டு. செத்த கிருமிகளின் மிச்சத்தைப் பார்த்து உடம்பு கொதிக்கும் அந்த நிலையில் டிஎன்எஃப் கூடியிருக்கும். அதற்கு வேலை செய்யும் மாத்திரைகளில் ஒன்று தாலிடோமைடு. 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமான அதே மருந்து. 1964-இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் ஒரு தொழுநோயாளிக்குத் தூக்கத்துக்காக அதைக் கொடுக்க, கட்டிகள் வடிந்தன. அது டிஎன்எஃப் உற்பத்தியைக் குறைக்கிறது என்று 1991-இல் தெரிந்தது. பெரியப்பாவின் மாத்திரையை வீட்டில் உள்ள பெண்கள் யாரும் தவறியும் எடுத்துவிடாதபடி பூட்டி வையுங்கள்.

"இந்தக் குடும்பத்துல ஒரு புரதம் பிறவியிலேயே இல்லைன்னா என்ன ஆகும்?" (பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி கேட்டது)

எது இல்லை என்பதைப் பொறுத்தது. சிடி40 லிகாண்ட் இல்லாத ஆண் குழந்தைகளின் பி செல்கள் முதல் வகை ஆன்டிபாடியை மட்டும் செய்துகொண்டே இருக்கும். அடுத்த வகைக்கு மாறு என்று சொல்ல ஆள் இல்லை. நிமோனியா விடாமல் வரும். வேலை முடிந்த வெள்ளை அணுக்களைச் சாகச் சொல்லும் ஃபாஸ் ஏற்பியில் பிழை இருந்தால், அவை சாகாமல் குவிந்து மண்ணீரலும் நெறிகளும் வீங்கும். டிஎன்எஃப்பின் ஏற்பியிலேயே பிழை இருந்தால் காரணமில்லாமல் வாரக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போகும். 1982-இல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழிவந்த ஒரு குடும்பத்தில் அதை முதலில் விவரித்தார்கள்.

ஒருவர் மட்டும் எதிர்ப்பு சக்தியோடு சம்பந்தமில்லாதவர்: எக்டோடிஸ்பிளாசின். கருவில் பல், முடி, வியர்வைச் சுரப்பி முளைக்கச் சொல்வது இவர் வேலை. சிந்துப் பகுதியில் ஓர் இந்துக் குடும்பத்தில் நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு ஒரு சில பற்களே முளைத்திருந்தன, உடம்பில் முடி மிகக் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு தவித்தார்கள் என்று சார்லஸ் டார்வின் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வரவில்லை, ஆனால் அவர்கள் வழியாக மகன்களுக்குப் போனது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

வியர்க்காத குழந்தை நம் ஊர்க் கோடையில் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தேவைப்படுவது ஈரத்துணியும் நிழலும். 2018-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். இந்தக் குறை இருந்த இரட்டைக் குழந்தைகளுக்கு, அவர்கள் தாய் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீருக்குள் அந்தப் புரதத்தை ஊசியாகச் செலுத்தியிருந்தார்கள். இருவரும் பிறந்து, வளர்ந்து, மற்ற குழந்தைகள் மாதிரியே வியர்த்தார்கள்.